தலைநகரில் ஆளில்லை

கதிர்,

பன்னிரண்டு நாட்களாக நம் விளையாட்டில் என் முறை வந்து கிடந்தது, நான் ஆடவில்லை. நீ இரண்டு தடவை போனில் கேட்டாய். தேர்வுத்தாள் திருத்துகிறேன் என்றேன். அது பொய். தாள்களையெல்லாம் போன வாரமே திருத்திக் கொடுத்துவிட்டேன். உண்மையான காரணத்தைச் சொல்லலாம் என்று ஒருநாள் ஆரம்பித்தேன். "சரிம்மா, விடும்மா, பாத்துக்கலாம்" என்றாய், நானும் விட்டுவிட்டேன். ஒருவருக்கொருவர் சங்கடம் தராமல் பேச்சை முடித்துக்கொள்வதில் நாம் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே வர முடியாது, நானும் பாதியில் நழுவ முடியாது. உன் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அது ஏன் உன் தலையில் வந்து விழுந்தது என்பது முதலில் உனக்குத் தெரிய வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு நீ வீட்டில் கிடந்த மாதங்களில்தான் இந்த விளையாட்டு நம் வீட்டுக்குள் வந்தது. ஹாலில் கட்டிலைப் போட்டு, லேப்டாப்பை ஸ்டூலில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்க ராஜ்ஜியம் ஆண்டுகொண்டிருந்தாய். உனக்குத் துணையாக இருக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கே பிடித்துப்போயிற்று என்பதை ஒப்புக்கொள்ள ஒரு மாதம் ஆனது. பழைய தென்னாட்டின் வரைபடம், அறுகோணக் கட்டங்களாகப் பிரித்தது. ஒரே ஓர் ஊரோடு ஆரம்பிக்க வேண்டும். நம் முறை வரும்போது படைகளை நகர்த்தலாம், ஊருக்கு ஒன்று கட்டலாம், அண்டை அரசனுக்குத் தூது விடலாம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் எனக்குப் பிடித்தது. மற்றபடி, வரலாறு சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அதில் நூறு குறைகள் தெரிந்தன. யானைப்படை நான்கே முறைகளில் தயாராகிவிடுகிறது. பஞ்சம் ஒரு பொத்தானில் தீர்ந்துவிடுகிறது. வீடு எரிந்த ஊர்க்காரர்கள் அடுத்த முறையே வரி கட்டுகிறார்கள். நான் இப்படி அடுக்கிக்கொண்டே போக, "இது பாடம் இல்லம்மா, கேம். ஆடு" என்றாய்.

நான் செய்த முதல் தப்பைச் சொல்லி இன்றைக்கும் சிரிக்கிறாய். எந்த ஊரைப் பிடித்தாலும், எந்த ஊரைப் புதிதாக நிறுவினாலும், கோட்டைக்கு முன்னால் கண்மாய் வெட்டுவேன். "ஊர் ஊருக்குக் கண்மாய் வெட்டுறியே, படையெடுத்து வாரவன் குளிச்சிட்டுப் போறதுக்காம்மா?" என்று கேட்டாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மழை வருமா வருமா என்று வருடத்தில் பாதி நாள் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற மாவட்டத்தில் பிறந்தவளுக்கு, தண்ணீர் இல்லாத ஊரைச் சுற்றி மதில் எழுப்பக் கை வராது. கம்ப்யூட்டர் ஆட்டிவைக்கும் அரசர்கள் அதையெல்லாம் பார்ப்பார்களா? மதில் இல்லாத ஊர்கள் அவர்களுக்கு அழைப்பிதழ் மாதிரி.

கால் சரியாகி நீ சென்னைக்குத் திரும்பிய பிறகும் நாம் ஆட்டத்தை விடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை. நான் கல்லூரியிலிருந்து வந்து நான்கு மணி டீயோடு ஆடுவேன், நீ ஆபீஸ் முடிந்து ஆடுவாய். மலைக்கு மேற்கே உன் ராஜ்ஜியம், கிழக்கே கடலோரம் என்னுடையது, இருவரும் கூட்டாளிகள். வடக்கே ஆற்றங்கரை அரசன் கப்பம் கேட்டான், மறுத்தேன். கடலுக்கு அந்தப்பக்கத் தீவரசன் என் துறைமுகத்தில் பங்கு கேட்டான், மறுத்தேன். வறண்ட காட்டுக் குதிரைக்காரர்கள் மேய்ச்சலுக்கு வழி கேட்டார்கள், அவர்களுக்குப் பதிலே அனுப்பவில்லை. யாரும் பெரிதாக எதையும் கேட்டுவிடவில்லை. எனக்குத்தான் கேட்டு வாங்கவும் வராது, கேட்டால் கொடுக்கவும் வராது. ஒரே வாரத்தில் மூன்று முனைகளிலும் போர் மூண்டது. "யாராவது ஒருத்தன்கிட்டயாவது சமாதானம் பேசு. மூணு பேரையும் ஒண்ணா அடிக்க உனக்கு எத்தனை கை?" என்று செய்தி அனுப்பினாய்.

நான் சமாதானம் பேசவில்லை, ஆனால் கற்றுக்கொண்டேன். இரண்டு முனைகளில் வெறுமனே நிற்க வேண்டும், ஒன்றில் மட்டும் அடிக்க வேண்டும். ஒரே பெரிய படையை வைத்துக்கொண்டு, ஒரு முனை அடங்கியதும் அடுத்த முனைக்கு நடத்திப்போக வேண்டும். நிற்கிற முனைகளில் என் கண்மாய்கள் கைகொடுத்தன. மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் என் ஊர்களில் நெல் தீரவில்லை, வெளியே நின்ற எதிரிதான் பட்டினியில் கரைந்து திரும்பினான். கண்மாய் இருந்த ஊர் ஒன்றுகூட விழவில்லை. நீ கிண்டல் செய்வதை நிறுத்தியது அப்போதுதான். அடிக்கிற முனையில் எனக்கென்று ஒரு விதியையும் வகுத்துக்கொண்டேன். இருப்பதிலேயே கடினமான கோட்டையை முதலில் பிடிப்பது. அது விழுந்துவிட்டால் சுற்றியிருக்கும் சின்ன ஊர்கள் தாமாகவே கதவைத் திறக்கும். நான் பார்த்தவரை அந்த விதி தப்பியதில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது.

போன ஆவணியில் நீ ஜெனிட்டாவைப் பற்றிச் சொன்னாய். தங்கச்சிமடத்துப் பெண், அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார், உன் ஆபீஸிலேயே வேலை என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாய். நான் "யோசிக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். பதினோரு நாட்கள் உன்னோடு பேசவில்லை. பெண்ணின் மதமோ கடலோரமோ எனக்குப் பெரிதாக இல்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. உண்மையில் நம் சொந்தக்காரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து போயின, அந்த முகங்களில் ஒன்று என்னுடையதாகவும் இருந்தது. அந்தப் பதினோரு நாட்களும் என் முறையை மட்டும் தவறாமல் ஆடினேன். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ திறந்து பார்த்தபோது, மலையைத் தாண்டி உன் ராஜ்ஜியத்திலிருந்து நாற்பது வண்டி தானியம் என் எல்லைக்கு வந்திருந்தது. நான் கேட்கவில்லை, நீயும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போயிற்று. பன்னிரண்டாவது நாள் உன்னைக் கூப்பிட்டு, நடத்திவிடலாம் என்றேன். "அய்யாகிட்ட?" என்று கேட்டாய். "நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

ஆனால் சொல்லவில்லை. பெற்ற தகப்பனான உன் அய்யாவிடம் நேராகச் சொல்லாமல், என் விதிப்படி, கடினமான கோட்டையை முதலில் பிடிக்கப் போனேன். நம் சொந்தத்தில் இப்படி ஒரு சம்பந்தம் என்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் வழக்கம். மூத்தவர் வீட்டில் ஆரம்பிக்க வேண்டும். திருவாடானைக்குப் போய் உன் பெரியப்பா முன்னால் தட்டை வைத்தேன். "என்னத்தா, கடல் வரைக்கும் போயில்ல பொண்ணு பாத்திருக்க" என்றார். ஒரு மணி நேரம் கோயில், குலம், ஊர்ப்பேச்சு எல்லாம் பேசினார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம், தன்னிடம் முதலில் வந்தேன் என்று. கடைசியில் வெற்றிலையை எடுத்துக்கொண்டு, நான் அங்கே இருக்கும்போதே தம்பிக்குப் போன் போட்டார். "ஏலே, உன் மகன் விஷயமெல்லாம் கேட்டேன். நான் சரின்னு சொல்லிட்டேன்." அந்தப்பக்கம் உன் அய்யா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பெரியப்பா, "அவன் என்னத்தச் சொல்லப்போறான், சரிண்ணேங்கிறான்" என்று போனை வைத்தார். பெற்ற மகனின் கல்யாணத்தை உன் அய்யா அப்படித்தான் தெரிந்துகொண்டார், கதிர். நான் வீட்டுக்கு வந்தபோது அவர் ஒன்றும் கேட்கவில்லை. கோட்டை விழுந்தது, கதவு திறந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து சாயல்குடி. உன் மாமா உப்பளத்தில் நின்றுகொண்டே பேசினான். "எனக்கு ஒரு பொம்பளப் பிள்ளை இருந்திருந்தா உன்னை வாசல்லயே நிறுத்தியிருப்பேன்" என்றான். பிறகு அவனுக்கு இருந்த ஒரே கவலை வெளியே வந்தது. "மாலை எடுத்துக் குடுக்கிறது தாய்மாமன் உரிமை. அங்கன சர்ச்சுக்குள்ள என்னைய நிக்க விடுவாகளா?" விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மச்சான் என்ன சொல்கிறார் என்று கேட்டான். அவருக்குச் சம்மதம் என்றேன்.

தங்கச்சிமடத்தில் ஜெனிட்டாவின் அப்பா வணக்கம் சொன்னதோடு சரி, பேச்சு முழுவதும் அவள் அம்மா. பங்குச் சாமியாரிடம் கேட்டாயிற்று, மாமா தாராளமாக நிற்கலாம், மாலையும் கொடுக்கலாம் என்றார். தவக்காலத்தில் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை, பங்குனியில் நாம் வைப்பதில்லை. இரண்டு குடும்பமும் வாக்குவாதம் இல்லாமல் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். "உங்க பையன் முள்ளெடுத்து மீன் திங்கத் தெரியாம முழிக்கிறான் டீச்சர், அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார். "எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம் டீச்சர். பையனோட அப்பா வந்து முன்னால உக்காரணும். அவரு வரலைன்னா எங்க பிள்ளை ஒளிஞ்சு கட்டிக்கிட்ட மாதிரி ஆயிரும். அதுக்கு இந்தக் கல்யாணம் நடக்காமலே போகட்டும்." நான் ஒரு நொடிகூடத் தயங்காமல், வருவார் என்றேன்.

அன்று வீடு திரும்பி ஆட்டத்தைத் திறந்தால், என் தலைநகரில் கலகம். எதிரி யாரும் அதன் பக்கத்தில்கூட இல்லை. முனைகளுக்கு ஆள் வேண்டும் என்று அங்கிருந்த காவல்படையைச் சிறுகச் சிறுக எடுத்துவிட்டிருந்தேன். காரணம் என்ன என்று தட்டிப் பார்த்தேன். அரசி நெடுங்காலமாகத் தலைநகரில் இல்லை என்று போட்டிருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஊர் ஊராகக் கண்மாய் வெட்டிய நான் தலைநகரில் மட்டும் வெட்டவேயில்லை. மற்ற ஊர்களுக்குத்தான் அவசரம், இது எங்கே போகப்போகிறது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். இப்படிக் கச்சிதமாகப் பொருந்துவது எனக்கே பிடிக்கவில்லை. என் மாணவி ஒருத்தி இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பேன். ஆனால் நடந்தது அப்படித்தான். லேப்டாப்பை மூடாமலே உன் அய்யாவிடம், "அவுக வீட்டுல எல்லாம் பேசியாச்சு. நீங்க வந்து முன்னால உக்காரணுமாம்" என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். "ஊருக்கெல்லாம் தட்டு வச்சுக் கேட்ட. எங்கிட்ட யாரு கேட்டா?"

சொந்த வீட்டுக்கு யாரும் தட்டு வைப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வழக்கம் அதுதான். ஆனால் அவர் வழக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. "ரெண்டு வீட்டுல எனக்குச் சம்மதம்னு சொல்லியிருக்க. நான் எப்பச் சொன்னேன்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. மறுநாள் வழக்கம்போல முதல் பஸ்ஸில் வயலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்துதான் நான் ஆடவில்லை.

இந்த நாட்களில் நான் யோசித்தது ஜெனிட்டாவைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ இல்லை. உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து, நீ அவரிடம் சொல்ல நினைத்ததெல்லாம் என் வழியாகத்தான் போயிருக்கிறது. அவர் உனக்குச் சொல்ல நினைத்ததும் அப்படித்தான். அவர் அதிகம் பேசாதவர், நீ பயந்தவன், நடுவில் நான் உதவுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. எல்லா ஓலையும் என் கை வழியாகப் போவது எனக்குப் பிடித்திருந்தது. நீ ஒன்பதாவது படிக்கும்போது முழுப்பரீட்சை முடிந்ததும் அய்யாவோடு மிளகாய் எடுக்கப் போகிறேன், கேட்டுச் சொல்லு என்று இரண்டு மூன்று நாட்கள் என்னைச் சுற்றி வந்தாயே, நினைவிருக்கிறதா? அய்யா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். நான் அவரிடம் கேட்கவேயில்லை. அடுத்த வருடம் பத்தாவது, டியூஷன் ஆரம்பிக்கிறது, வெயிலில் அலையக்கூடாது என்று நானே முடிவெடுத்து அவர் வாயில் வைத்துவிட்டேன். நீ அதற்குப் பிறகு வயலைப் பற்றிப் பேசியதே இல்லை. மகனுக்கு மண்ணில் நாட்டமில்லை என்று அவரும் நினைத்துக்கொண்டார். என் வேலைக்காக இருபத்தாறு வருடங்களாக ராமநாதபுரத்தில் குடியிருந்துகொண்டு தினமும் வயலுக்குப் பஸ்ஸில் போய்வருகிற மனிதர் அவர். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதில் இதுதான் பெரியது என்று இப்போது தெரிகிறது. உன்னிடமிருந்தும் எடுத்திருக்கிறேன். அதற்கு என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கத்தான் எனக்கு இத்தனை பக்கங்கள் தேவைப்பட்டன.

நேற்று கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு அதே முதல் பஸ்ஸில் ஏறினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, ஜன்னல் பக்கம் இடம் விட்டார். செடிகளில் குண்டு மிளகாய் பழுத்துச் சிவந்து கிடந்தது. எடுக்க வந்த பெண்கள், "டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல மிளகா எடுக்கச் சொல்லித் தரலையா?" என்று என் வேகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் அடுத்த பாத்திக்குப் போனதும் அந்த ஒன்பதாம் வகுப்பு விஷயத்தைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. பழத்தைப் பறித்துக்கொண்டே, "எத்தனை நாள் கேட்டான்?" என்றார். இரண்டு மூன்று நாள் என்றேன்.

"அந்த வருசம் அவனுக்குன்னு ஒரு சின்னக் கூடை வாங்கி வச்சிருந்தேன்" என்றார். "வருவான் வருவான்னு பாத்தேன். அப்புறம் எலி கடிச்சுப் போச்சு."

நான் அடுத்த செடிக்கு நகர்ந்தேன். அரைப் பாத்தி முடிந்திருக்கும். "அந்தப் பிள்ளைக்கு நம்ம மிளகா காரம் தாங்குமா?" என்று கேட்டார். "அவுக வீட்டு மீன் குழம்புல எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு. உங்க மகனுக்குத்தான் தாங்காது" என்றேன். சிரித்தார். இத்தனை நாட்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று இந்தத் தடவை நான் எடுத்துக்கொள்ளவில்லை, நீயும் எடுத்துக்கொள்ளாதே. பிறகு கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

"அவனை வரச் சொல்லு."

"ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாரேன்" என்றேன்.

"நீ வராத. அவன் மட்டும் வரட்டும்."

நீ செய்ய வேண்டிய காரியம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை வயலுக்குப் போ. தட்டு எல்லாம் வேண்டாம். உன் கல்யாணத்துக்கு வருவாரா என்று நீயே கேள், அவர் சொல்கிற பதிலை நீயே தங்கச்சிமடத்துக்குச் சொல். வரமாட்டார் என்றால் அதையும் நீயேதான் சொல்ல வேண்டும். ஆனால் வரச் சொல்லு என்று சொல்கிறவர் கதவைச் சாத்த மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. எதையும் எளிதில் நம்பாதவள் நான், இதை நம்புகிறேன். நான் அன்றைக்கு வீட்டிலேயே இருப்பேன். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று திரும்பி வந்ததும் கேட்க மாட்டேன். இருவரில் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

இதை எழுதுவதற்கு முன் என் முறையை ஆடிவிட்டேன். குதிரைக்காரர்களுக்கு மேய்ச்சல் வழியைக் கொடுத்துவிட்டேன். வடக்கே இரண்டு வருடம் விடாமல் பிடித்து வைத்திருந்த ஒரு மேட்டு ஊரை ஆற்றங்கரை அரசனுக்கே விட்டுவிட்டேன். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் கேட்டது, ஆம் என்று அழுத்தினேன். அரசி தலைநகருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறாள், போய்ச் சேர இன்னும் மூன்று முறைகள் ஆகும். அங்கே கண்மாய் வெட்ட ஆரம்பித்தாகிவிட்டது.

இந்தப் பக்கத்தின் அடியில் எட்டு வரிகள் அடித்திருப்பதைப் பார்ப்பாய். அய்யாவிடம் எதிலிருந்து பேச்சை ஆரம்பிப்பது, எந்த வார்த்தையைத் தவிர்ப்பது, காலையில் அவர் சாப்பிட்ட பிறகு பேசுவது நல்லது என்றெல்லாம் எழுதியிருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றுகூட எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். உனக்கு வழி தெரியும்.

அம்மா